கடைக்கு ஓட்டு இல்லை

வியாபாரிகள் சங்கத்துக்குச் சந்தா கட்டி என்ன கண்டீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள். தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ், வருஷத்துக்கு ஒரு காலண்டர் என்பார்கள். மீதிப் பேர், "ஏதாவது ஒன்று என்றால் நமக்கென்று நாலு பேர் வேண்டாமா?" என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அந்த "ஏதாவது ஒன்று" என்பது என்ன, அந்த நாலு பேர் என்ன செய்வார்கள் என்று உட்கார்ந்து சொல்ல ஆள் கிடைப்பதில்லை. உட்கார்ந்து பேசுவதற்கு ஹைதராபாத்தைப் போல ஓர் ஊர் அமையாது. ஒரு இரானி சாயாவும் இரண்டு உஸ்மானியா பிஸ்கட்டும் இருந்தால் அங்கே மாநகராட்சியையே அலசிவிடலாம். சாயா சொல்லிவிடுங்கள், அந்த ஊரை வைத்தே நிதானமாகப் பார்ப்போம்.

அந்த ஊரில் ஆபிட்ஸ் கடைத்தெருவில் கடை, தள்ளியிருக்கும் குகட்பல்லியில் குடித்தனம் என்று இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காலை பத்தரைக்கு ஷட்டரைத் தூக்கி, இரவு பத்துக்கு இறக்குகிறார். விழித்திருக்கும் நேரத்தில் முக்கால்வாசி ஆபிட்ஸில்தான் போகிறது. வாசலில் தெருவிளக்கு எரியாவிட்டால், சாக்கடை பொங்கினால், ரோட்டை வெட்டிப் போட்டு மாதக்கணக்கில் மூடாமல் விட்டால் அடி விழுவது அவர் கல்லாவில். மாநகராட்சிக்கு அவர் கொடுக்கும் பெரிய தொகையும் அந்தக் கடையை வைத்துத்தான். வாடகைக் கடையானாலும் வரி வாடகைக்குள் ஒளிந்துகொண்டு வந்துவிடும். ஆனால் வாக்காளர் பட்டியல் வீட்டு முகவரியைத்தான் பார்க்கும். அவர் ஓட்டு குகட்பல்லியில் இருக்கிறது. ஆபிட்ஸ் வார்டின் கார்ப்பரேட்டருக்கு அவரால் ஓர் ஓட்டு கூடப் போவதுமில்லை, குறையப் போவதுமில்லை. கடை வரி கட்டும், ஓட்டுப் போடாது. வியாபாரிகள் சங்கம் என்று ஒன்று இருப்பதற்கான காரணத்தில் பெரும்பங்கு இதுதான்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பார்க்க ஒரு கணக்குப் போடலாம். ஹைதராபாத்தில் வணிகக் கட்டடத்துக்குச் சொத்து வரி போடும் முறை எளிது. கட்டடத்தின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து, அந்தப் பகுதிக்கு மாநகராட்சி நிர்ணயித்திருக்கும் மாத வாடகை மதிப்பால் பெருக்கி, வந்ததை 3.5ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்து வரி. ஒற்றை ஷட்டர் கடையை அந்த ஊரில் மல்கி என்பார்கள். 200 சதுர அடி மல்கிக்கு வாடகை மதிப்பு சதுர அடிக்கு 30 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், வருஷத்துக்கு 21,000 ரூபாய் ஆகிறது. அதாவது வருஷத்தில் மூன்றரை மாத வாடகை மாநகராட்சிக்கு. வீட்டுப் பக்கம் வாருங்கள். 2016 மாநகராட்சித் தேர்தலை ஒட்டி, ஆண்டுக்கு 1,200 ரூபாய் வரை வரி கட்டிவந்த சிறு வீடுகளுக்கு அந்த வரி வெறும் 101 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அந்த வீடுகளில் இருப்பவர்கள் வசதியானவர்கள் இல்லை. அந்தச் சலுகையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர்களிடம் ஓட்டு இருந்தது. அதே காலத்தில் மல்கிக்காரருக்கு அப்படி ஒரு சலுகை கிடைக்கவில்லை.

வியாபாரத்துக்கு நேரடியாகவே இடம் கொடுத்த காலமும் ஒன்று இருந்தது. சென்னை மாநகராட்சிக்கு 1904இல் வந்த சட்டப்படி, வார்டுகளில் வரி கட்டுவோர் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் ஒரு பக்கம். சென்னை வர்த்தக சபையும் மெட்ராஸ் டிரேட்ஸ் அசோசியேஷனும் தாங்களே தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினர்கள் இன்னொரு பக்கம். இந்தச் சபை, அசோசியேஷன் இரண்டுமே அன்றைக்கு வெள்ளைக்கார வியாபாரிகளின் கோட்டைகள். வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு என்று ஆனபின் இப்படிப்பட்ட நாற்காலிகள் போயின. போனது நியாயமே, பணத்தை எண்ணாமல் தலையை எண்ணுவதுதான் ஜனநாயகம். லண்டன் நகரத்தின் நடுவில் சிட்டி எனப்படும் ஒரு சதுர மைல் பகுதியில் மட்டும் பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே கம்பெனிகள் தங்கள் ஊழியர்களில் சிலரை வாக்காளர்களாக நியமிக்கலாம். பகலில் லட்சக்கணக்கானவர்கள் வேலை பார்க்கிற, இரவில் சில ஆயிரம் பேர் மட்டுமே தூங்குகிற இடம் அது. நம் ஆபிட்ஸும் பேகம் பஜாரும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான், ஆனால் இங்கே அந்த ஓட்டு கிடையாது. ஆகவே வியாபாரிகள் வேறு கதவுகளைத் தட்டக் கற்றுக்கொண்டார்கள்.

ஹைதராபாத்தில் அந்தக் கதவு தட்டுதல் பழைய பழக்கம். ரெட் ஹில்ஸில் இருக்கும் தெலங்கானா வர்த்தக தொழில் கூட்டமைப்பு, எஃப்டிசிசிஐ என்று சுருக்கமாகச் சொல்வார்கள், 1917இல் நிஜாம் ஆட்சியிலேயே தொடங்கியது. மாநில அளவிலான வரி, மின்கட்டணம், தொழில் கொள்கை என்று பெரிய விஷயங்களுக்கு மனுப்போடுவது அதன் வேலை. அதற்குக் கீழே பஜாருக்கு ஒரு சங்கம், தொழிற்பேட்டைக்கு ஒரு சங்கம், ஒரே சரக்கு விற்பவர்களுக்கு ஒரு சங்கம். பெரியது சட்டத்தைப் பேசும், சின்னது சாக்கடையைப் பேசும். சந்தா கேட்டு உங்களிடம் வருவது பெரும்பாலும் சின்னதுதான்.

சின்னச் சங்கத்தின் அன்றாட வேலைக்கு ட்ரேட் லைசென்ஸ் நல்ல உதாரணம். 1955ஆம் வருஷத்து ஹைதராபாத் மாநகராட்சிச் சட்டத்தின் கீழ் வருவது அது. கட்டணம் கடையின் பரப்பையும் கடைக்கு முன்னால் இருக்கும் ரோட்டின் அகலத்தையும் வைத்துப் போடப்படுகிறது. பல வருஷங்களாக இருந்துவரும் விகிதப்படி, 20 அடி வரை உள்ள ரோடானால் சதுர அடிக்கு 3 ரூபாய், 20 முதல் 30 அடி வரை 4 ரூபாய், அதற்கு மேல் 6 ரூபாய். அதன் மேல் 10 சதவீதம் பசுமைக் கட்டணம். லைசென்ஸ் டிசம்பரோடு முடியும். ஜனவரிக்குள் புதுப்பித்தால் சரி. பிப்ரவரி, மார்ச்சில் போனால் 25 சதவீதம் அபராதம். அதையும் தாண்டினால் 50 சதவீதம்.

இதில் சங்கத்துக்கு என்ன வேலை? ஜனவரியில் உறுப்பினர்களுக்கு ஞாபகப்படுத்துவது ஒன்று. அதைக் கணக்குப் பிள்ளையே செய்துவிடுவார். விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் சந்து 20 அடி. ஒருநாள் அதை அகலப்படுத்துகிறார்கள், 40 அடி ஆகிறது. 200 சதுர அடி மல்கியின் கட்டணம், பசுமைக் கட்டணத்தைச் சேர்க்காமலே, 600 ரூபாயிலிருந்து 1,200க்கு ஏறுகிறது. சிறிய தொகைதான். ஆனால் அகலப்படுத்தும்போது முன்பக்கம் இடித்துவிட்டதால் கடை 200 சதுர அடியாகவே இல்லை. 140 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பரப்புக்கும் புதிய அகலத்துக்கும் சேர்த்து பில் வந்தால், தனியாக ஒருவர் போய்க் கேட்கும்போது "அடுத்த வாரம் வாங்க" என்று பதில் கிடைக்கும். தெருவில் இருக்கும் அறுபது கடையின் பழைய அளவையும் புதிய அளவையும் ஒரே பட்டியலாகப் போட்டு, ஒவ்வொரு கடையின் வரி எண்ணையும் சேர்த்து, சர்க்கிள் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொண்டு வந்தால், அதிகாரிக்கும் வேலை சுலபம். ஒரே தடவையில் ஆள் அனுப்பி அளந்துவிடலாம். ரெப்ரசன்டேஷன் கொடுத்தோம் என்று சங்கத்தார் சொல்கிறார்களே, அதன் உயிர் இந்தப் பட்டியல்தான். லெட்டர்ஹெட்டும் "மாண்புமிகு"வும் அதற்குச் சட்டை.

அடுத்தது, எந்தக் கதவு என்று தெரிந்திருப்பது. கடை வாசலில் தண்ணீர் நிற்கிறது, நாற்றம் வேறு. யாரிடம் போவீர்கள்? மழைநீர் வடிகாலோ, நாலா என்கிற வாய்க்காலோ நிரம்பி வந்த தண்ணீரானால் மாநகராட்சி. பாதாளச் சாக்கடையின் வட்ட மூடியிலிருந்து பொங்கியதானால் 1989இல் அமைந்த மெட்ரோ வாட்டர் வாரியம். அதற்கு அலுவலகம் வேறு, அதிகாரி வேறு, பில் வேறு. நாலாவை யாரோ மூடிக் கட்டடம் கட்டியதால் தண்ணீர் நிற்கிறதென்றால் 2024 ஜூலையில் உண்டான ஹைட்ரா என்ற அமைப்பு. தலைக்கு மேல் கம்பி தொங்கினால் மின்பகிர்மானக் கம்பெனி. வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்தது போக்குவரத்துப் போலீஸ். செகந்தராபாத் பக்கம் போனால் இன்னொரு சிக்கல்: மாநகராட்சி எல்லையை ஒட்டியே கன்டோன்மென்ட் போர்டு ஆரம்பித்துவிடும். அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருப்பது. ரோட்டுக்கு இந்தப் பக்கக் கடைக்கு ஒரு சட்டம், எதிர்ப்பக்கக் கடைக்கு வேறு சட்டம்.

தமிழ்நாட்டிலிருந்து போய்க் கடை வைப்பவர்கள் ஒன்றில் தடுமாறுவார்கள். நம்மூரில் தொழில் வரி உள்ளாட்சிக்குப் போகிறது. அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சி ஆளே வந்து கேட்பார். தெலங்கானாவில் அதை வசூலிப்பது மாநில அரசின் வணிக வரித்துறை. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு வைத்திருப்பது இரண்டு ஊருக்கும் பொது. ஆகவே தொழில் வரிக் குறைக்கு மாநகராட்சியில் மனுக்கொடுத்தால் ஒரு மதியம்தான் வீண். அனுபவப்பட்ட செயலாளர் ஒருவர் இருந்தால் அந்த மதியம் மிச்சம். அந்த மிச்சத்தை உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள், சந்தா சின்னதாகத் தெரியும்.

கட்டணக் குறை, சாக்கடைக் குறை எல்லாம் சரி. ரோடே வேண்டாம், ரயிலே வேண்டாம் என்று ஒரு சங்கம் நின்றால் என்ன ஆகும்? அதற்கும் ஹைதராபாத்தில் கதை உண்டு. கோட்டிக்குப் பக்கத்தில் சுல்தான் பஜார் நெருக்கமான பழைய கடைத்தெரு. துணி, வளையல், பாத்திரம் என்று பெண்கள் கூட்டம் அலைமோதும் இடம். மெட்ரோ ரயிலின் இரண்டாவது தடம் அதன் ஊடே வரும் என்று வரைபடம் வந்ததும் வியாபாரிகள் கொதித்தார்கள். ஊர்வலம், உண்ணாவிரதம், பந்த், ஷட்டர் டவுன் என்று வருஷக்கணக்கில் போராட்டம் நடந்தது. 2014இல் தெலங்கானா தனி மாநிலமாகி, புதிய அரசு வந்தபோது, பஜாரைத் தொடாமல் தடத்தை மாற்றுவது பற்றிப் பேச்சு எழுந்தது. வியாபாரிகளுக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. ஆனால் தடம் மாறவில்லை. பஜாருக்குள்ளேயே தூண்கள் எழுந்தன. ஜூபிலி பஸ் நிலையத்திலிருந்து மகாத்மா காந்தி பஸ் நிலையம் வரையிலான 11 கிலோமீட்டர் தடம் 2020 பிப்ரவரி 7 அன்று திறக்கப்பட்டது. போராட்டம் தாமதத்தைத் தந்தது, நஷ்டஈட்டுப் பேச்சுக்கு வலு சேர்த்தது, வரைபடத்தை மாற்றவில்லை.

இதை வைத்து, போராடி ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்ட வேண்டாம். ஷட்டரை இறக்கினால் அந்த ஒருநாள் வியாபாரம் போவது கடைக்காரருக்கே. அந்த ஆயுதம் வீசுகிறவர் கையையும் கிழிக்கும். அடிக்கடி எடுக்க முடியாது. மெட்ரோ வந்தால் லட்சக்கணக்கான பயணிகளுக்கு லாபம், அவர்களிடம் ஓட்டு இருக்கிறது. பஜாருக்கு நஷ்டம், அங்கே கடைகள் இருக்கின்றன. ஓட்டும் கடையும் எதிரெதிர் பக்கம் நின்றால் எது ஜெயிக்கும் என்பதற்குத் தனியாக விளக்கம் தேவையில்லை.

பணம் உள்ள சங்கங்கள் இன்னொரு வழியில் போகின்றன. மனுக்கொடுத்துக் காத்திராமல், வேண்டியதைத் தாங்களே செய்துகொள்வது. மாதாப்பூர், கச்சிபௌலி பக்கத்து ஐடி கம்பெனிகளும் சைபராபாத் போலீசும் சேர்ந்து 2006இல் தொடங்கிய சைபராபாத் பாதுகாப்புக் கவுன்சில் அந்த வகை. போக்குவரத்தை ஒழுங்குபடுத்த உதவும் ஆட்கள், பெண் ஊழியர்களுக்கு ஷட்டில் வண்டி என்று அதன் வேலைகள் நடக்கின்றன. கம்பெனிகளுக்கு அது கட்டுப்படியாகும். நாம் பேசிக்கொண்டிருக்கும் மல்கிக்காரருக்கு ஆகாது.

சின்னவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சங்கம் அலைந்து தெருவிளக்கு போட்டால், சந்தா கட்டாத கடைக்கும் சேர்த்துத்தான் வெளிச்சம். "அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று பாதிப் பேர் ஒதுங்கிவிடுவார்கள். மீதிப் பேர் ஒருநாள் சலித்துப்போவார்கள். உலகத்தில் எல்லா ஊர்ச் சங்கத்துக்கும் உள்ள வியாதி இது. கனடாவின் டொரான்டோ நகரத்தில் ப்ளூர் வெஸ்ட் என்ற கடைவீதிக்காரர்கள் 1970இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அந்த வீதியில் கடை இருந்தால் உறுப்பினர், விருப்பம் கேட்பதில்லை. தனி வரியாக மாநகராட்சியே வசூலித்து, கடைக்காரர்களின் குழுவிடம் திருப்பிக் கொடுக்கும். அந்தக் குழு வீதிக்குச் செலவிடும். அந்த ஏற்பாடு பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

ஹைதராபாத்தில் அதன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருக்கிறார். வெளியூரில் அவ்வளவாகத் தெரியாது. தொழிற்பேட்டை உள்ளாட்சி அமைப்பு, பேச்சு வழக்கில் ஐஏஎல்ஏ. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 1990களில் உருவான ஏற்பாடு. ஜீடிமெட்லா, செர்லபல்லி, நாச்சாரம், பாசமைலாரம் போன்ற தொழிற்பேட்டைகளை உருவாக்கியது அரசின் தொழில் உள்கட்டமைப்புக் கழகம். பேட்டை வந்தது, பட்டறைகள் வந்தன. ரோடும் விளக்கும் பராமரிக்க ஆளில்லை. உள்ளாட்சி வரியை வாங்கிக்கொள்ளும், ஆனால் ஓட்டு இல்லாத இடத்தில் தார் ஊற்ற அதற்கு அவசரம் இல்லை. கழகம் நிலத்தை விற்ற கையோடு ஒதுங்கிவிடும். கண்டெய்னர் லாரி பள்ளத்தில் இறங்கினால் அச்சு முறிந்து பேட்டையே நிற்கும்.

அதற்குத் தீர்வாக, பேட்டை எல்லைக்குள் உள்ளாட்சியின் அதிகாரங்களை அரசு கழகத்திடம் மாற்றிக் கொடுத்தது. சொத்து வரி போடுவதும் வசூலிப்பதும், கட்டட அனுமதி பார்ப்பதும், ரோடு, வடிகால், விளக்கு எல்லாம் அங்கேயே. வசூலாகும் 100 ரூபாயில் 35 ரூபாய் அந்தப் பகுதி உள்ளாட்சிக்குப் போகும். 65 ரூபாய் பேட்டைக்குள்ளேயே செலவாகும். நிர்வாக அதிகாரி கழகத்தின் ஆள். கூடவே பேட்டைத் தொழிலதிபர்களின் சங்கத்திலிருந்து வருகிறவர்களும் குழுவில் உட்கார்வார்கள். தலைவராகவும் அவர்களில் ஒருவர் இருப்பார். எந்த ரோடு முதலில், எந்தத் தெருவுக்கு விளக்கு என்று முடிவெடுக்கும் மேஜையில் வரி கட்டுகிறவருக்கு நாற்காலி இருக்கிறது.

ஆபிட்ஸ் கடைக்காரருக்கும் செர்லபல்லி பட்டறைக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தை இப்போது பாருங்கள். முன்னவர் தான் கட்டிய வரி எந்த வார்டில் செலவானது என்று கேட்க மனுப்போட வேண்டும். பின்னவருக்கு 65 ரூபாயின் கணக்கு கூட்டத்தில் வாசிக்கப்படும். தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைச் சங்கங்களின் கூட்டத்துக்குப் போனால் ரோடு, வடிகால், குப்பை என்று உள்ளாட்சிக் குறைகளே பாதி நேரத்தை விழுங்குவதைப் பார்க்கலாம். அவர்கள் இந்த ஏற்பாட்டைக் கேட்டால் கொஞ்சம் பெருமூச்சு விடுவார்கள்.

பொறுங்கள், இன்னொரு கப் சொல்லலாம்; இதன் மறுபக்கத்தையும் பார்க்காமல் எழுந்துவிடக் கூடாது. பேட்டையில் தினமும் நடக்கிறவர்களில் பெரும்பாலோர் முதலாளிகள் இல்லை, தொழிலாளர்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து கேட் வரை இருட்டில் நடப்பது அவர்கள். அந்த மேஜையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. சுற்றியுள்ள கிராமத்துக்கும் இல்லை. வரி கட்டுகிறவர் சொல் எடுபடும் இடத்தில் வரி கட்டாதவர் குரல் தேய்வது இயற்கை. கடைக்கு ஓட்டு இல்லை என்று நாம் எதை நினைத்து வருத்தப்பட்டோமோ, அதே வருத்தம் இங்கே தலைகீழாக நிற்கிறது.

ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்சேருவில் அது வெளிப்படையாகவே தெரிந்தது. அங்குள்ள தொழிற்சாலைகளின் கழிவு நக்கவாகு ஓடையில் கலந்து, கிணறும் வயலும் கெட்டு, வழக்கு 1990இல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தொழிற்சாலைகள் சும்மா இருக்கவில்லை. ஜீடிமெட்லாவிலும் பட்டான்சேருவிலும் ஆலைகள் கூட்டாகப் பங்கு போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தன; 1980களின் கடைசியில் வந்த ஜீடிமெட்லா நிலையம் நாட்டிலேயே இந்த வகையில் முன்னோடிகளில் ஒன்று. தனித்தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாத சிறிய மருந்து, ரசாயன ஆலைகளுக்குச் சங்கமாகச் சேர்ந்ததால்தான் அது சாத்தியமானது. டேங்கர் வந்ததும் மாதிரி எடுத்துச் சோதித்து, ஏற்கலாம் என்றால்தான் இறக்குவார்கள். பக்கத்து ஆலை அனுப்பும் கழிவு தாங்காத அளவில் வந்தால் கூட்டு நிலையமே கெட்டுவிடும் என்பதால் உறுப்பினரே உறுப்பினரைக் கண்காணிக்க வேண்டிய நிலை. நல்ல ஏற்பாடு. ஆனாலும் ஓடைக்காரர்களின் வழக்கு ஓயவில்லை. பிற்பாடு பட்டான்சேருவிலிருந்து சுத்திகரித்த கழிவுநீரை 18 கிலோமீட்டர் குழாயில் கொண்டுபோய் நகரத்தின் சாக்கடைக் குழாயோடு இணைத்து, ஆம்பர்பேட்டை நிலையத்துக்கு அனுப்பினார்கள். ஓடைக்கு ஆறுதல், ஆம்பர்பேட்டைப் பக்கத்தவர்களுக்குக் கவலை. உறுப்பினர்களின் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றால் ஊரின் பிரச்சினையும் தீர்ந்துவிட்டது என்று ஆகாது. பல நேரம் அது இடம் மாறியிருக்கும்.

நம் திருப்பூரிலேயே இரண்டு முகத்தையும் பார்த்தோம். தண்ணீர் இல்லாமல் டேங்கரை நம்பிச் சாயப்பட்டறை நடத்திய காலத்தில், 1990இல் தொடங்கிய ஏற்றுமதியாளர் சங்கம் விடாமல் நெருக்கியதன் பலனாக, 1995இல் அரசும் தொழில்துறையும் நிதி நிறுவனமும் சேர்ந்து ஒரு கம்பெனி அமைத்தன. பவானிப் பக்கத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியே நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் வந்தது. ஆலைகள் கூடுதல் விலை கொடுத்தன. அதனால் நகரத்து வீடுகளுக்கும் வழிநெடுகக் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் தண்ணீர் போயிற்று. எல்லோருக்கும் லாபம் என்பதால் எல்லோரும் பின்னால் நின்றார்கள். உள்ளே வந்த தண்ணீருக்கு அவ்வளவு ஒற்றுமை. சாயத்தோடு வெளியே போன தண்ணீருக்கு அந்த ஒற்றுமை கிடையாது. நொய்யலோரத்து விவசாயிகள் நீதிமன்றம் போக, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரே ஊர், ஒரே தொழில். ஊரைச் சேர்த்துக்கொண்டு கேட்டது கிடைத்தது, ஊரை விட்டுவிட்டுச் செய்தது மூடப்பட்டது.

கடைத்தெருவிலும் இதே பாடம் வேறு உடுப்பில் வரும். சார்மினாரைச் சுற்றி, லாட் பஜார் முனையில், கோட்டியில் என்று எங்கே பார்த்தாலும் கடைக்காரர் ஒரு பக்கம், நடைபாதை வியாபாரி ஒரு பக்கம். "நாங்கள் வாடகை கட்டுகிறோம், அவர்கள் வாசலை மறைக்கிறார்கள்" என்பது சங்கக் கூட்டத்தில் தவறாமல் வரும் தீர்மானம். 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் இதற்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறது: நகர விற்பனைக் குழு. அதன் தலைவர் மாநகராட்சி ஆணையர். உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெருவோர வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வியாபாரிகள் சங்கங்களுக்கும் அங்கே இடம் உண்டு. எங்கே வண்டி நிற்கலாம், எங்கே கூடாது என்பதை அந்தக் குழுவைக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். கடைக்காரர்களுக்குச் சட்டப்படி கிடைத்த நாற்காலி இது. அதில் போய் உட்காராமல், வண்டிகளை அப்புறப்படுத்துங்கள் என்று ஆணையருக்கு மனு மேல் மனு அனுப்பும் சங்கங்கள்தான் எங்கும் அதிகம். ஒருநாள் வண்டிகள் போகும், மறுநாள் திரும்பி வரும். இடம் பிரித்துக் கோடு போட்ட தெருவில் இரண்டு பேருக்கும் வியாபாரம் நடக்கும்.

கடைசியாக, இந்த விஷயம் இன்னும் எப்படித் திரும்பும் என்பதற்கு ஒரு சேதி. 2025 நவம்பரில் தெலங்கானா அரசு, வெளிவட்டச் சாலைக்குள் இருக்கும் பழைய தொழிற்பேட்டை நிலங்களை வீடு, கடை, அலுவலகம் எதற்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள வழிசெய்யும் கொள்கையை வெளியிட்டது. 22 பேட்டைகள், சுமார் 9,292 ஏக்கர். பதிவு மதிப்பில் 30 சதவீதமோ 50 சதவீதமோ, முன்னால் உள்ள ரோட்டின் அகலத்தைப் பொறுத்து, கட்டணம் கட்டினால் போதும். நகரத்துக்கு நடுவே ஆலைகள் வேண்டாம் என்பது அரசின் வாதம். நிலத்தைத் தாரை வார்க்கிறார்கள் என்பது எதிர்க்கட்சியின் வாதம். அதற்குள் நாம் போக வேண்டாம். பேட்டைச் சங்கத்தின் உள்ளே என்ன நடக்கும் என்று யோசியுங்கள். சொந்த நிலம் உள்ளவருக்கு அது பொன். வாடகை ஷெட்டில் லேத் ஓட்டுகிறவருக்கு அது காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். ஒரே சங்கம், எதிரெதிரான இரண்டு நலன். சங்கம் யாருக்காகப் பேசும்?

இன்னொரு மாற்றமும் வரும். பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்தால், ஓட்டும் கூடவே குடிவரும். இத்தனை நாள் முதலாளிகள் கூடி முடிவெடுத்த ரோட்டுக்கும் விளக்குக்கும் குடியிருப்பவர்கள் பங்கு கேட்பார்கள், கேட்பது நியாயம். லாரி சத்தம், புகை, இரவு ஷிப்ட் எல்லாம் அன்றைக்குப் புகாராகும். மிச்சமிருக்கும் பட்டறைகள் ஆபிட்ஸ் கடைக்காரரின் நிலைக்கு வந்துசேரும்: வரி கட்டுவார்கள், ஓட்டு இருக்காது. போதாக்குறைக்கு 2025 டிசம்பரில் சுற்றியிருந்த 27 உள்ளாட்சிகளை மாநகராட்சியோடு இணைத்தார்கள். நேற்று வரை பக்கத்துத் தெரு நகராட்சி அலுவலகத்தில் முடிந்த காரியத்துக்கு வேறு அலுவலகம், வேறு அதிகாரி. பழைய பட்டியலும் முத்திரை போட்ட நகலும் பத்திரமாக வைத்திருக்கும் சங்கத்துக்கு இப்போதுதான் அருமை தெரியும்.

சந்தா கட்டலாமா என்பதுதானே கேள்வி? கட்டுங்கள். ஆனால் கட்டும்போது, போன வருஷம் கொடுத்த மனுக்களின் ஃபைலை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். மனு சரியான அலுவலகத்துக்குப் போனதா, கடைவாரியாகக் கணக்கு இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்குப் பிறகு, அந்தக் கோரிக்கைகளில் எத்தனை நிறைவேறினால் சங்கத்தில் இல்லாதவர்களுக்கும், அந்த வார்டில் ஓட்டு உள்ளவர்களுக்கும் பயன்படும் என்று எண்ணுங்கள். தெருவிளக்கு, வடிகால், நடக்க இடம், பெண்களுக்குக் கழிப்பறை: இவை கடைக்காரருக்கு வேண்டும், வாடிக்கையாளருக்கு வேண்டும், மாடியில் குடியிருப்பவருக்கும் வேண்டும். இப்படிப்பட்ட கோரிக்கையோடு குடியிருப்போர் சங்கத்தையும் அழைத்துக்கொண்டு போனால், கார்ப்பரேட்டர் உங்களைக் கவனித்துத்தான் ஆக வேண்டும். உங்களுக்கு அந்த வார்டில் ஓட்டு இல்லாமல் இருக்கலாம். உங்களோடு வந்திருப்பவர்களுக்கு இருக்கிறது.